மாப்பிள்ளை, ராகுகாலத்துக்கு ரேட்டு போடுங்க

உக்காருங்க மாப்பிள்ளை. தோசை ஆறுறதுக்குள்ள சாப்பிட்டுக்கிட்டே கேளுங்க. எம் மக அங்கிட்டுக் காபிக்கு வரிசையில நிக்கிறா. ஞாயித்துக்கிழமை கேரம் டவுன்ஸ் கோயில் கேன்டீன் வரிசை லேசுல நகராது. அவ வர்றதுக்குள்ள பேசி முடிச்சிருவோம். அவ முன்னால உங்க ஆப்பைப் பத்தி ஒரு வார்த்தை குறைச்சுச் சொன்னேன்னு வைங்க, ராத்திரி எனக்கு வெறும் ரசம்தான்.

முதல்ல பாராட்டிர்றேன். உங்க பஞ்சாங்க ஆப் மாதிரி ஒண்ணை நான் பார்த்ததில்ல. இந்த மெல்பர்ன்ல டிசம்பர் மாசம் சூரியன் காலையில ஆறு மணிக்கு வந்து ராத்திரி எட்டே முக்கால் வரைக்கும் போகமாட்டேங்குது. ஜூன்ல ஏழரைக்கு மேல சோம்பல் முறிச்சு எந்திரிச்சு, அஞ்சு மணி சுமாருக்கெல்லாம் கடையைச் சாத்திருது. ஆனா பாதிப் பேரு வீட்டுச் சுவத்துல ஊர்க் காலண்டர் தொங்குது, ஞாயிறு ராகுகாலம் நாலரை டு ஆறுன்னு. நீங்க பகல் பொழுதை எட்டாப் பிரிச்சு, டிசம்பர்ல அதே ராகுகாலம் ஏழு மணி வாக்குல தொடங்கி எட்டே முக்கால் வரைக்கும் நீளும், ஜூன்ல நாலு மணிக்குத் தொடங்கி அஞ்சு சொச்சத்துல முடிஞ்சிரும்னு கணக்குப் போட்டுக் காட்டுறீக. திதி முடியிற நேரத்துக்கு இந்தியக் கணக்கோட நாலரை மணி கூட்டணும். அக்டோபர் முதல் ஞாயிறுல இருந்து ஏப்ரல் முதல் ஞாயிறு வரைக்கும் கடிகாரத்தை முன்ன தள்ளி வைக்கிறாக, அப்ப அஞ்சரை கூட்டணும். அதனால ஊர்ல ஒரு நாள் ஏகாதசின்னா இங்க வேற நாளாப் போனாலும் போகும். அம்புட்டையும் பார்த்துப் பார்த்துச் செஞ்சிருக்கீக. யாழ்ப்பாணத்துக்காரவுக சிலர் வாக்கியம்பாக, சிலர் திருக்கணிதம்பாக. சண்டை வரக்கூடாதுன்னு ரெண்டுக்கும் ஒரு பட்டன். அந்தப் பட்டனுக்கே உங்களுக்குச் சிலை வைக்கலாம்.

வருமானம் எம்புட்டுன்னு எம் மக சொன்னா. நம்ம மூணு பேரும் இங்க சாப்பிட்டு, வீட்டுக்கு ரெண்டு பார்சல் கட்டினா போன மாசக் கணக்கு நேராயிரும். மிச்சம் வந்தா உண்டியல்ல போட்டிரலாம்.

கோவிச்சுக்கிறாதீக. பேத்தி பள்ளிக்கூடம் போயிட்டா எனக்கு வேலை என்ன? உங்க வைஃபை சும்மாதான ஓடிக்கிட்டிருக்கு. எழுத்துக் கூட்டிப் படிச்சேன். உங்களுக்கு முன்னால இந்தப் பள்ளத்துல விழுந்தவுக யாரு, எந்திரிச்சவுக யாருன்னு பார்த்தேன்.

அந்த ஆப்புக்கு அடியில ஒரு பட்டன் வச்சிருக்கீகளே, ‘எனக்கு ஒரு காபி வாங்கிக் கொடுங்கள்’னு. அதை இதுவரைக்கும் யாரு அமுக்கினது? ஒண்ணு எம் மக. இன்னொண்ணு நான், கண்ணாடி இல்லாம தெரியாம அமுக்கினது. நம்ம ஆளுக கொடுக்காதவுகன்னு சொல்லமாட்டேன். 1994-ல இந்தக் கோயில் கும்பாபிஷேகம் நடந்துச்சுன்னா அது நம்ம ஜனங்க கொடுத்த காசுதான். சிவனும் பெருமாளும் ஒரே கூரைக்குக் கீழ உக்காந்திருக்காக, ரெண்டு பக்கத்து ஆளும் கொடுத்தாக. ஆனா அங்க சாமி இருக்கு, பேர் எழுதிப் போடுறாக, ‘அவன் கொடுத்தான்ல, நான் கொடுக்காம இருந்தா நல்லாவா இருக்கும்’கிற வீம்பு இருக்கு. உங்க பட்டனை அமுக்கினா ஒரு பச்சை டிக்கு, ‘நன்றி’. அதை எங்க கொண்டுபோய் மாட்டுறது?

இங்கருந்து கடல் தாண்டினா ஹோபார்ட். அங்க டாஸ்மேனியா யுனிவர்சிட்டியில பீட்டர் டாட்டம்னு ஒருத்தர். விண்டோஸ் 3.1 காலத்துல அந்தக் கம்ப்யூட்டருக்கு இன்டர்நெட் பேசத் தெரியாது, வாய் கிடையாது. அந்த வாயைச் செஞ்சு கொடுத்தவர் இவரு. ட்ரம்பெட் வின்சாக்னு பேரு, 1994. இன்னைக்கு நாப்பது அம்பது வயசுல இருக்கிற வெள்ளைக்காரன் பாதிப் பேரு முதமுதல்ல இன்டர்நெட்டைத் தொட்டது அந்த ஆள் கோடு வழியாத்தான். ஷேர்வேர்னு விட்டாரு: எடுத்துக்க, பாரு, பிடிச்சா 25 அமெரிக்க டாலர் அனுப்புன்னு. உலகம் பூரா எடுத்துக்கிட்டான், பார்த்தான், பிடிச்சுச்சு, அனுப்பலை. இன்டர்நெட் கனெக்‌ஷன் கொடுக்கிற கம்பெனிக்காரவுக எல்லாம் தங்களோட ஃப்ளாப்பியில அதைப் போட்டு வாடிக்கைக்காரனுக்குக் கொடுத்தாக. அவுக மாசாமாசம் காசு வாங்கினாக, இவருக்கு வரலை. சிட்னி ஓஸ்இமெயில் கம்பெனி பத்திரிகையோட சேத்துக் கொடுக்கிற டிஸ்க்குல போட்டுச்சுன்னு ஃபெடரல் கோர்ட் வரைக்கும் போனாரு. 1996-ல தீர்ப்பு: காப்புரிமையை மீறினது மீறினதுதான்னு. அதுக்குள்ள விண்டோஸ் 95 வந்திருச்சு. மைக்ரோசாஃப்ட்காரனே உள்ளுக்குள்ள வாயை வச்சு அனுப்பிட்டான். கோர்ட்ல ஜெயிச்சு என்ன செய்ய? 2011-ல சில பழைய ஆளுக மனசு கேக்காம, ‘ஐயா, அந்தக் காலத்துல நான் கொடுக்கலை, இந்தாங்க’ன்னு வசூல் பண்ணி அனுப்பினாக. பதினேழு வருசம் கழிச்சு மாப்பிள்ளை! உங்களுக்கும் அப்படி ஒரு நாள் வரும். அதுவரைக்கும் வீட்டு லோன்காரன் பொறுப்பானான்னு மட்டும் கேட்டு வச்சுக்கங்க.

இதுல கவனிச்சீகளா? அந்தக் கோடு நாளைக்கு நின்னா வீட்ல உக்காந்திருந்த ஆளுக்கு ஒரு நாள் எரிச்சல், அம்புட்டுதான். கனெக்‌ஷன் கொடுத்த கம்பெனிக்காரனுக்கு? அவன் கடையே சாத்தணும். டாட்டம் 25 டாலரை எரிச்சல்காரன்கிட்ட கேட்டாரு. நான் ஆர்டர் பிடிச்சிருந்தா கடைக்காரன் கழுத்துல இல்ல துண்டைப் போட்டிருப்பேன்.

நான் சிவகாசியில காலண்டர் ஏஜெண்டா அலைஞ்சவன். ஆடி 18-க்கு ஆல்பம் வெளியிடுவாக. அடுத்த வருசக் காலண்டர் மாதிரி அம்புட்டும் அதுல இருக்கும்: முருகன், லட்சுமி, குழந்தை, இயற்கைக் காட்சி, டெய்லி ஷீட்டு, மன்த்லி ஷீட்டு. அதைத் தூக்கிக்கிட்டு ஊர் ஊராப் போவோம். நகைக்கடை, ஜவுளிக்கடை, அடகுக்கடை, உரக்கடை, சில கட்சிக்காரவுக. தமிழ்நாட்டுல காலண்டர் இல்லாத வீடு உண்டா? கிழிச்சுப் பார்க்காம எந்திரிக்கிற பெரிசு உண்டா? அம்புட்டுப் பேரும் தினமும் பயன்படுத்துற சாமான். அதுல எத்தனை பேரு காசு கொடுத்து வாங்கினான்? ‘கடைக்குப் போனேன், காலண்டர் கேட்டேன், இல்லைன்னுட்டான், இனிமே அந்தக் கடைக்கே போகமாட்டேன்’னு கோவிச்சுக்கிற ஜனம் நம்ம ஜனம். சிவகாசி அந்த ஜனத்துக்கிட்ட ஒரு நாளும் கை நீட்டலை. பேர் போட்டுக்கிட ஆசைப்படுற கடைக்காரன்கிட்ட அட்வான்ஸ் வாங்கி, மிச்சத்தை டெலிவரியில வாங்கி, ஊரையே பொழைக்க வச்சிருச்சு.

அதே ராகுகாலம், அதே திதிதான் மாப்பிள்ளை. நாங்க தாள்ல வித்தோம். நீங்க கண்ணாடியில வச்சுக்கிட்டு வாங்குறதுக்கு ஆள் இல்லைங்கிறீக.

டாண்டினாங் பக்கம் நம்ம மளிகைக் கடைகளுக்குப் போங்க. தைக்கு முன்னால காலண்டர் கொடுக்கிறாங்கள்ல, அதுல பாதி நம்ம ஊர்ல அடிச்சு வந்தது, ராகுகாலம் இந்தியாவுக்குப் போட்டது. கடைக்காரர்கிட்ட, ‘அண்ணாச்சி, உங்க காலண்டரைப் பார்த்துத்தான் ஒரு அம்மா ராகுகாலத்துல கார் எடுத்திருக்காக’ன்னு சும்மா ஒரு வார்த்தை போட்டு வைங்க. மெல்பர்ன் நேரம் போட்ட பன்னெண்டு மாசத்துக் கணக்கை அவர் பேர் போட்டு, அச்சுக்கு ரெடியா ஒரு ஃபைலாக் கொடுத்தா அவர் வாங்குவாரு. சிட்னிக்கு வேற ஃபைல், பிரிஸ்பேனுக்கு வேற. பிரிஸ்பேன்ல கடிகாரத்தைத் தள்ளுறதே கிடையாதே, அந்தக் கணக்கு தனி. பெர்த் இன்னும் தனி. உங்களுக்கு ஊர்ப் பேரை மாத்தி ஒரு பட்டனைத் தட்டுற வேலை. ஆனா பட்டனைத் தட்டுற வேலைதான்னு அவர்கிட்டச் சொல்லிராதீக. இந்த நேர்மைதான் உங்களுக்குப் பெரிய வியாதி.

அப்புறம் கல்யாணச் சமையல்காரவுக, மண்டபக்காரவுக, போட்டோ எடுக்கிறவுக. இங்க சனி ஞாயித்துல முகூர்த்தம் விழுந்தாத்தான் கல்யாணம். அடுத்த வருசம் எந்தெந்த ஞாயிறு முகூர்த்தம்னு ஒரு சமையல்காரருக்கு இன்னைக்கே தெரிஞ்சா, ஆள் பிடிக்கிறதுக்கும் ரேட்டை ஏத்துறதுக்கும் அவருக்கு ஆறு மாசம் கிடைக்குது. பக்தன் உங்க ஆப்பைத் திறந்து ‘இன்னைக்கு என்ன திதி’ன்னு பார்த்துட்டு மூடிருவான். சமையல்காரருக்கு ஒரு தேதி தப்பாப் போனா எரநூறு பேர் சாப்பாடு போச்சு, ராத்திரி பதினோரு மணிக்கு உங்களுக்குப் போன் போட்டுக் கத்துவாரு. யார் போன் போட்டுக் கத்துவாகளோ அவுகதான் காசு கொடுக்கிற ஆளுக. கத்துறவன் கிடைச்சா விட்டிராதீக, குலசாமி மாதிரி வச்சுக் கும்பிடுங்க.

அட, அந்த வின்ரார் இருக்கே, எங்க ஊர் டி.டி.பி. சென்டர் பூராவும் ஓடினது. 40 நாள் சும்மான்னு சொல்லும். 40 நாள் முடிஞ்சதும் ஒரு பெட்டியைக் காட்டி, ‘காசு கட்டுறியா’ன்னு கேக்கும். மூடினா அதுபாட்டுக்கு வேலை செய்யும். வருசக்கணக்கா அந்தப் பெட்டியை மூடி மூடி எங்க பையங்களுக்கு விரலே தேஞ்சிருச்சு. அது செஞ்ச ரஷ்யாக்காரர் பைத்தியக்காரரான்னு நினைச்சேன். இல்ல மாப்பிள்ளை. பெரிய கம்பெனியில ஆடிட்டு வரும், லைசென்ஸ் எங்கன்னு கேப்பான், அங்க காசு கட்டுவான். எங்க பையன் ஓசியில பழகினவன். நாளைக்கு ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போனா அங்கயும் அதையே கேப்பான்.

எங்க தெருவுல தமிழ் எழுத்துரு அம்புட்டும் ஒரே சிடியில இருந்து வந்தது. காசு கொடுத்து வாங்கின ஆளை நான் பார்த்ததில்ல. ஆனா அந்த எழுத்துரு மக்கர் பண்ணி, ‘ஶ்ரீ’ அடிச்சா கட்டம் கட்டமா வந்துச்சுன்னா, சரி பண்ண ஒரு பையன் டிவிஎஸ் 50-ல வருவான். அவனுக்கு வந்ததுக்கு ஒரு காசு, டீ, வடை, தீபாவளிக்கு வேட்டி. எழுத்துரு செஞ்சவன் யாருன்னு தெரியாத தெரு, சரி பண்ண வந்தவன் வீட்டுக் கல்யாணத்துக்கு மொய் எழுதுச்சு.

தமிழ் எழுத்துல காசு பார்த்தவர் இல்லாம இல்ல. மலேசியாவுல முத்து நெடுமாறன், கவிஞர் முரசு நெடுமாறன் மகன். 1985-லயே முரசு அஞ்சல்னு தொடங்கினவர். உங்க ஐபோனை எடுங்க. அதுல தமிழ் தெரியுதே, அந்த எழுத்துருவோட பேரைத் தேடிப் பாருங்க: தமிழ் சங்கம் எம்.என். அந்த எம்.என். யாரு? முத்து நெடுமாறன். எங்க தெருக்காரன் மாதிரி ஆளுக ஆளுக்கு அஞ்சு ரூவா கொடுக்கட்டும்னு அவர் காத்துக்கிட்டிருக்கலை. தமிழ் இல்லாம போனை விக்க முடியாதவன் எவன்னு பார்த்து அங்க போய் உரிமம் கொடுத்தாரு. நம்ம எல்லாருக்கும் ஓசி, அவருக்கும் பொழைப்பு.

நீங்க மட்டும் என்ன, அப்படிக் காசு கட்டாதவரா? உங்க ஆப்புக்குள்ள கிரகம் எங்க நிக்குதுன்னு சொல்ற எஞ்சின் சுவிஸ் எஃபிமெரிஸ்தானே? அதுவும் படிச்சேன். சூரிக் பக்கத்து ஆஸ்ட்ரோடீன்ஸ்ட் கம்பெனிக்காரவுக செஞ்சது. அவுக கணக்கு ரொம்ப நேர்த்தி: உன் கோடையும் ஊருக்குத் திறந்து விடுறதா இருந்தா சும்மா எடுத்துக்க, பூட்டி வைக்கிறதா இருந்தா உரிமத்துக்குக் காசைக் கட்டு. உங்க கோடை ஊருக்குக் காட்ட உங்களுக்கு மனசில்ல. கட்டினீக. எம் மக அதையும் சொன்னா. சனி எந்த வீட்ல இருக்கான்னு சொல்றதுக்குச் சுவிட்சர்லாந்துக்காரனுக்குக் காசு கொடுத்த நீங்க, ராகு எத்தனை மணிக்கு வர்றான்னு ஓசியில சொல்லிக்கிட்டிருக்கீக. உங்க எஞ்சினையும் அதே மாதிரி பிரிச்சு வெளிய வைங்க. சொந்த ஆப்புக்கு மெல்பர்ன் முகூர்த்தம் வேணும்னு நினைக்கிற ஜோசியக்காரன், மேட்ரிமோனிக்காரன், கனடாவுல டொரண்டோவுல இருக்கிற நம்ம ஆளு, எவனும் இந்தக் கணக்கை மறுபடி எழுத ஆசைப்படமாட்டான். நீங்க எழுதி முடிக்கிறதுக்குள்ள உங்க தலையில பாதி நரைச்சதை நான் பார்த்தேன்ல.

கண்ணை மூடிக்கிட்டு வித்துட்டுப் போறதும் ஒரு வழிதான், அதைக் கேவலமா நினைக்காதீக. ஹோபார்ட்ல இன்னொருத்தர், மார்க் டர்டின். கீமேன்னு ஒரு விசைப்பலகை மென்பொருள், 1993-ல லாவோ மொழிக்காகத் தொடங்கினது. நம்ம ஆளுக இ-கலப்பைன்னு ஒண்ணு போட்டு ஊரெல்லாம் தமிழ் அடிச்சோமே, அதோட பழைய பதிப்புக்கு உள்ள ஓடினது அந்த ஹோபார்ட்காரர் எஞ்சின். ஒலக மொழி அம்புட்டுக்கும் விசைப்பலகை, ஆனா அந்த மொழி பேசுறவன் முக்காவாசிப் பேருகிட்ட டாலரே கிடையாது. கடைசியில 2015-ல எஸ்.ஐ.எல். நிறுவனம் எடுத்துக்கிட்டது, சின்னச் சின்ன மொழிகள்ல வேலை செய்றவுக அவுக, இது இல்லைன்னா அவுக பொழைப்பு ஓடாது. பிறகு மென்பொருளை இலவசமாத் திறந்து விட்டாக. உங்க பஞ்சாங்கத்தையும் எடுத்துக்கிட யாராவது இருப்பாக. ஆனா வாங்குறவன் வந்து கணக்குப் புத்தகத்தைக் கேட்டா, காபி பட்டனைக் காட்டாதீக.

இலவசமா எல்லாரும் கொடுக்கிறதுக்குக் காசு கேட்டா எவன் கொடுப்பான்னு நேத்து மூஞ்சியைத் தூக்கினீகளே. இந்த மெல்பர்ன்லயே ஃபாஸ்ட்மெயில்னு ஒரு கம்பெனி, 1999-ல தொடங்கினது. ஈமெயிலுக்குக் காசு வாங்குறான்! 2004-ல கூகிள்காரன் ஜிமெயிலை அள்ளி வீசினப்ப இவன் செத்தான்னுதான் நினைச்சிருப்பாக. சாகலை. 2010-ல நார்வே ஓபரா கம்பெனி வாங்குச்சு, 2013-ல வேலை பார்த்தவுகளே திருப்பி வாங்கிக்கிட்டாக. இன்னைக்கும் காசு வாங்குறாக. விளம்பரம் இல்லாம, கேட்டா பதில் சொல்ற மனுசனோட ஒரு ஈமெயில் வேணும்னு நினைக்கிற ஆளு ஒலகத்துல கொஞ்சம் பேரு இருக்கான், அந்தக் கொஞ்சம் அவுகளுக்குப் போதும். உங்களுக்கும் எல்லாத் தமிழனும் வேண்டாம். நானும் வேண்டாம். நான் ஓசி ஆளு.

ரேட்டு வைக்கிறப்ப மாசத்துக்கு ஒரு டாலர் தொண்ணூத்தொம்பது காசுன்னு வைக்காதீக. மாசாமாசம் கார்டுல காசு எடுக்கிறப்பல்லாம் அவனுக்கு உங்களை நிறுத்தணும்னு ஞாபகம் வரும். வருசத்துக்கு ஒரு தரம், தைப் பிறக்கிறதுக்கு முன்னால, நல்ல மனநிலையில இருக்கிறப்ப வாங்கிருங்க. ஆப்பிள்காரன் முன்னெல்லாம் நூத்துக்கு 30 எடுத்துக்கிட்டிருந்தான், 2021-ல இருந்து வருசத்துக்குப் பத்து லட்சம் அமெரிக்க டாலருக்குக் கீழ சம்பாதிக்கிறவனுக்கு 15-னு குறைச்சிருக்கான். நீங்க கீழதான் இருக்கீக, கவலைப்படாதீக. ஜி.எஸ்.டி.யும் அப்படியே, வருசத்துக்கு 75,000 டாலர் வந்தாத்தான் கட்டாயம் பதியணும். உங்க தம்பி ஜி.எஸ்.டி.யை நினைச்சுப் பயந்து தொழிலே தொடங்கலைங்கிறாரு. பனங்காட்டுல போயி கப்பல் வருமான்னு பயந்த கதைதான்.

அப்புறம் இந்தக் கோயில் வாசலுக்கு வெளிய போய்க் கொஞ்சம் நடங்க. பவுண்டரி ரோட்டைத் தாண்டி ஃபிராங்க்ஸ்டன்–டாண்டினாங் ரோட்டுப் பக்கம் வரிசையா ஷெட்டு. கேரம் டவுன்ஸ்னா நம்ம ஆளுகளுக்குக் கோயில். இந்த ஊர்க்காரனுக்குப் பட்டறை. அலமாரி செய்றவன், இரும்பு வெட்டுறவன், படகு செய்றவன், பிளாஸ்டிக் வார்க்கிறவன். நாம அர்ச்சனைத் தட்டைத் தூக்கிக்கிட்டு அந்த ஷெட்டுகளைத் தாண்டித் தாண்டித்தான் வர்றோம், ஒரு நாளாவது உள்ள எட்டிப் பார்த்தீகளா? நான் பார்த்தேன். நடைப்பயிற்சி போறேன்னு எம் மககிட்டச் சொல்லிட்டுப் போனது அதுக்குத்தான். ஒரு ஷெட்டு வாசல்ல சிவப்புத் தீயணைப்புச் சிலிண்டரு, அதுல ஒரு தகட்டுச் சீட்டு, சீட்டுல பஞ்சிங் ஓட்டை. ஆறு மாசத்துக்கு ஒரு தரம் ஆள் வந்து பார்த்து ஓட்டை போடணுமாம், இந்த நாட்டுச் சட்டதிட்டம் அப்படி. உள்ள வெள்ளைப் பலகையில மார்க்கர் பேனாவால கிறுக்கி வச்சிருக்கான், எந்த மிசினுக்கு எப்ப சர்வீசுன்னு. பாதி அழிஞ்சு கிடக்கு.

உங்க ஆப்புல தாத்தா திவசத்துக்கு மூணு நாளைக்கு முன்னால மணி அடிக்குதுல்ல? மாசம், பட்சம், திதி எல்லாம் பார்த்து, கடிகாரம் தள்ளுறதையும் பார்த்து, பிசகாம அடிக்குது. இம்புட்டு சிக்கலான திவசத்தையே ஞாபகப்படுத்துற கோடுக்கு, ஆறு மாசத்துக்கு ஒரு தரம் சிலிண்டரை ஞாபகப்படுத்தத் தெரியாதா? ‘தாத்தா’ன்னு இருக்கிற இடத்துல ‘சிலிண்டர் 4’ன்னு போடுங்க. எள்ளு, பிண்டம்னு வர்ற பக்கத்தை மறைச்சிருங்க. ஸ்லாக்குன்னு ஒண்ணு உங்க ஆபீஸ்ல இருந்துச்சே, அது எதுல இருந்து வந்துச்சுன்னு தெரியுமா? கிளிட்ச்னு ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு போட்டாக, ஓடலை, 2012-ல மூடிட்டாக. அந்த விளையாட்டைச் செய்றப்ப தங்களுக்குள்ள பேசிக்கிடச் செஞ்ச சாமானைத் தூசி தட்டி வித்தாக. 2021-ல சேல்ஸ்ஃபோர்ஸ்காரன் அதை 2,700 கோடி டாலருக்கு மேல கொடுத்து வாங்கினான். விளையாட்டை வாங்க ஆள் இல்ல.

வெள்ளைக்காரன் ஷெட்டுக்குள்ள போக கூச்சமா இருக்குன்னு சொல்வீக. அப்ப திருச்சி கிரீஷ் மாத்ருபூதம் என்ன செஞ்சாரு? 2010-ல சென்னையில ஃப்ரெஷ்டெஸ்க் தொடங்கினாரு. முதல் வாடிக்கைக்காரன் சென்னையில இல்ல, மாம்பலத்துல இல்ல. இந்த ஆஸ்திரேலியாவுல, பெர்த்துல, ஆட்வெல் காலேஜ்னு ஒரு பள்ளிக்கூடம். 2021-ல நியூயார்க் நாஸ்டாக்ல மணி அடிக்கிற அளவுக்குப் போனாரு. சென்னையில இருந்துக்கிட்டு பெர்த்ல வித்திருக்காக. நீங்க கேரம் டவுன்ஸ்ல தோசை தின்னுக்கிட்டே கேரம் டவுன்ஸ்ல விக்கக் கூச்சப்படுறீக. சிட்னி அட்லாசியன் பையங்க ரெண்டு பேரும் 2002-ல கிரெடிட் கார்டுல 10,000 டாலர் கடனோட தொடங்கினாக. ஒருநாள் காலையில ஃபேக்ஸ் மிசின்ல அமெரிக்கன் ஏர்லைன்ஸ்ல இருந்து ஆர்டர் வந்து கிடந்துச்சாம், ஆள் அனுப்பலை, பேசலை. அதைப் படிச்சுப்புட்டு நீங்க மூணு வருசமா ஃபேக்ஸ் மிசினைப் பார்த்துக்கிட்டிருக்கீகளோன்னு எனக்கு ஒரு சந்தேகம். வெப்சைட்டுல வெளிப்படையா ரேட்டு போட்டிருந்தாக, அதனால அவன் கேக்காமலே வாங்கினான். உங்க வெப்சைட்டுல ‘எங்களைப் பற்றி’ இருக்கு, ‘எங்கள் பயணம்’ இருக்கு, உங்க போட்டோ ரெண்டு இருக்கு. ரேட்டு எங்க?

ராத்திரி ராத்திரி லைட்டைப் போட்டுக்கிட்டு என்ன செய்றீகன்னு எம் மககிட்டக் கேட்டேன். முழு ஆப்பையும் வேற மொழியில புதுசா எழுதுறாருங்கிறா. எதுக்கு? பழைய கோடு அழகா இல்லையாம். மாப்பிள்ளை, கடையில ஆள் வரலைன்னா சிலர் பெயிண்ட் அடிப்பாக. சமையல்காரர்கிட்டப் போய் ரேட்டு சொல்றதுக்குக் கூச்சம், அதுக்குப் பதிலா ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் புது மொழி. கோடு திரும்பப் பேசாது, ‘ரேட்டு அதிகம்’னு சொல்லாது, அதான் உங்களுக்கு அது பிடிக்குது. அந்த ஏ.ஐ. ஜோசியர்னு புதுசா ஒண்ணு ஒட்டியிருக்கீகளே, நான் போய் என் நட்சத்திரத்தைச் சொல்லி எப்ப யோகம்னு கேட்டேன். ‘உங்கள் மனைவியிடம் அன்பாக இருங்கள்’னுச்சு. அவ போய்ச் சேர்ந்து ஏழு வருசம் ஆச்சு. அதைக் கழட்டிருங்க.

இந்தா, எம் மக வந்துக்கிட்டிருக்கா, சீக்கிரம் சொல்லிர்றேன். புதன்கிழமை நாலு மணிக்கு நம்ம வீட்டுக்கு ஒருத்தர் வர்றாரு. கல்யாணச் சமையல்காரர், போன வாரம் இதே பெஞ்சில என் பக்கத்துல உக்காந்திருந்தாரு, பேச்சுக் கொடுத்தேன். அடுத்த வருசத்து முகூர்த்த ஞாயிறு அம்புட்டும், அவர் பேர் போட்ட காலண்டரும். ரேட்டு நான் சொல்லிட்டேன், அவர் வாயைப் பிளந்தாரு, ஆனா சரின்னுட்டாரு. நீங்க நடுவுல புகுந்து, ‘ஐயோ இது ரொம்ப ஈசிங்க, பாதி கொடுங்க போதும்’னு மட்டும் சொல்லிராதீக. ஷெட்டுக்காரனும் வரேன்னிருக்கான், அவன் பேசுற இங்கிலீஷு எனக்குப் புரியலை, வியாழனா வெள்ளியான்னு தெரியலை. ராகுகாலம் பார்த்து நீங்களே உறுதி பண்ணிக்கங்க.

எனக்குக் கமிசன்? சேச்சே, சொந்த மாமனாரு உங்ககிட்டக் காசு கேப்பனா. ஆப்பிள்காரனுக்குக் கொடுக்கிற 15 போதும்.